கோடை விடுமுறைக்கு ஒரு குழந்தையை உங்கள் வீட்டில் ஏற்க விரும்பினால்

வறுமையிலோ போரின் விளைவுகளிலோ பேரழிவின் நிழலிலோ வளரும் குழந்தைகளை, பள்ளி விடுமுறை நாள்களில் மட்டும் முன்பின் அறிமுகமில்லாத ஒரு குடும்பம் தன் வீட்டில் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் ஏறத்தாழ 150 ஆண்டுகளாக இருந்துவருகிறது. 1877ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஷெர்மன் என்ற சிற்றூரின் பாதிரியார் வில்லார்ட் பார்சன்ஸ், நியூயார்க் நகரின் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த குழந்தைகளைக் கோடையில் சில நாள்கள் தங்கள் வீடுகளில் வைத்துக்கொள்ளும்படி தம் சபையினரைக் கேட்டுக்கொண்டார். அந்த முயற்சியிலிருந்து வளர்ந்த ஃப்ரெஷ் ஏர் ஃபண்ட் என்ற அமைப்பு இன்றும் செயல்படுகிறது. முதல் உலகப் போருக்குப் பின் பசியில் வாடிய ஹங்கேரி, ஆஸ்திரியக் குழந்தைகளை ரயில் ரயிலாக வரவழைத்து நெதர்லாந்து, பெல்ஜியம், சுவிட்சர்லாந்து நாட்டுக் குடும்பங்கள் பராமரித்தன. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்த பிறகு, பெலாரஸ், உக்ரைன் நாடுகளின் குழந்தைகளை அயர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி முதலிய நாடுகளின் குடும்பங்கள் கோடைதோறும் அழைத்தன. அல்ஜீரியாவின் டிண்டூஃப் பாலைவனத்தில் அகதி முகாம்களில் வாழும் மேற்கு சஹாராவைச் சேர்ந்த சஹ்ராவி இனக் குழந்தைகளை ஸ்பெயின் நாட்டுக் குடும்பங்கள் 'வகாசியோனெஸ் என் பாஸ்', அதாவது அமைதியில் விடுமுறை, என்ற திட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் ஏற்றுக்கொள்கின்றன. பிரான்சில், விடுமுறைக்கு எங்கும் செல்ல வசதியில்லாத குழந்தைகளுக்காக செக்கூர் பொப்புலேர், செக்கூர் கத்தோலிக் போன்ற அமைப்புகள் குடும்பங்களைத் தேடித் தருகின்றன.

இந்த வரலாற்றைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தோன்றினாலும், இந்தத் திட்டங்களின் நோக்கங்கள் வேறுவேறு. நோக்கம் மாறும்போது உங்கள் வேலையும் மாறுகிறது. செர்னோபில் குழந்தைகளின் விஷயத்தில், கதிரியக்கம் கலவாத உணவை ஒரு மாத அளவுக்குத் தொடர்ந்து உண்டால் உடலில் சேர்ந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் குறையும் என்பதே அடிப்படை. சஹ்ராவிக் குழந்தைகள் வருவது, பாலைவனத்தின் உச்ச வெப்பக் காலமான ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை வேறிடத்தில் கழிக்கவும் கண், பல், பொது மருத்துவப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளவும் ஆகும். ஆகவே அந்தக் குடும்பங்கள் மருத்துவமனைக்கு அலைய நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். ஓரிரு வாரத் திட்டங்களிலோ, குழந்தை வெறுமனே விளையாடி, நீந்தி, மரத்தடியில் படுத்து, மகிழ்ந்து திரும்ப வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் இல்லை. இவற்றுக்கு அப்பால், காப்பகங்களில் வளரும் சற்றுப் பெரிய குழந்தைகளுக்கு நிரந்தரக் குடும்பம் கிடைக்கச் செய்வதற்காகவே கோடைத் தங்கலை ஏற்பாடு செய்யும் அமைப்புகளும் உள்ளன. அது முற்றிலும் வேறு வகை. தத்தெடுக்கும் எண்ணம் உள்ளவர்கள் பெற்றோருடன் வாழும் குழந்தைகளுக்கான திட்டத்தில் சேரக் கூடாது. சில வாரம் உதவ மட்டும் விரும்புபவர்கள் தத்தெடுப்பை நோக்கிய திட்டத்தில் சேரக் கூடாது. இதில் தெளிவில்லாமல் இறங்கினால் அதன் வலியைச் சுமப்பது குழந்தைதான்.

முடிவெடுக்கும் முன்

வீட்டில் வாழும் ஒவ்வொருவரும், முதியவர்களும் சிறுவர்களும் உட்பட, மனமாரச் சம்மதித்திருக்க வேண்டும். ஒருவருடைய ஆர்வத்துக்காக மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளும் வீட்டில், வந்த குழந்தை இரண்டாம் நாளே அதை உணர்ந்துவிடும். அந்த வாரங்களில் பெரியவர்களில் ஒருவராவது பெரும்பாலான நேரம் வீட்டில் இருக்க முடியுமா என்பதைப் பாருங்கள். வீடு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பணம் அதிகமாக இருக்க வேண்டியதும் இல்லை. தனிக் கட்டில் அல்லது படுக்கை, உடைகளை வைக்க ஓர் இடம், அமைதியாகத் தூங்க ஒரு மூலை, பொறுமையுள்ள ஒரு பெரியவர் ஆகியவை போதும். இந்தப் பணிக்குப் பொதுவாக ஊதியம் கிடையாது. உணவுக்கும் உள்ளூர்ச் செலவுக்கும் குடும்பமே பொறுப்பு. பயணச் செலவையும் காப்பீட்டையும் யார் ஏற்கிறார்கள் என்பது அமைப்புக்கு அமைப்பு மாறுபடும் என்பதால் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

அண்மையில் ஒரு மரணத்தையோ மணமுறிவையோ கடும் நோயையோ சந்தித்த குடும்பம் ஓர் ஆண்டு பொறுத்திருப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. துயரத்தை ஆற்றிக்கொள்ள இன்னொருவரின் குழந்தையை வரவழைப்பது, எவ்வளவு அன்புடன் செய்தாலும், அந்தக் குழந்தையின் தோளில் ஏற்றப்படும் சுமையே.

அமைப்பை எப்படிச் சோதிப்பது

அமைப்பு உங்களைச் சோதிக்கும். அதைவிடக் கவனமாக நீங்கள் அமைப்பைச் சோதிக்க வேண்டும். வீட்டில் உள்ள வயதுவந்தோர் அனைவரின் குற்றப் பின்னணியையும் சரிபார்க்கிறார்களா, நேரில் வந்து வீட்டைப் பார்க்கிறார்களா, உங்களை நன்கறிந்தவர்களிடம் விசாரிக்கிறார்களா, உங்கள் சொந்தக் குழந்தைகளிடம் தனியாகப் பேசுகிறார்களா என்பவற்றைக் கேளுங்கள். இவை எதையும் செய்யாமல், விண்ணப்பப் படிவம் ஒன்றை வாங்கிக்கொண்டு குழந்தையின் புகைப்படத்தை அனுப்பிவைக்கும் அமைப்பிலிருந்து விலகிவிடுங்கள். உங்களைச் சரிபார்க்காதவர்கள் அடுத்த வீட்டையும் சரிபார்த்திருக்க மாட்டார்கள்.

உங்கள் பகுதியிலேயே ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்கிறாரா, இரவிலும் எடுக்கப்படும் அவசரத் தொலைபேசி எண் உண்டா, தங்கல் சரிப்படாவிட்டால் குழந்தையை எங்கே, எத்தனை மணி நேரத்துக்குள் மாற்றுவார்கள் என்பவையும் கேட்கப்பட வேண்டிய கேள்விகளே. அவசரச் சிகிச்சைக்கு நீங்கள் ஒப்புதல் அளிக்கலாம் என்று பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் கையொப்பமிட்ட கடிதம் கட்டாயம் உங்கள் கையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், எலும்பு முறிந்த குழந்தையுடன் நீங்கள் மருத்துவமனையில் காத்துக்கிடக்க நேரலாம். வெளிநாட்டுக் குழந்தையாக இருந்தால், விசாவின் காலம், கடவுச்சீட்டு யாரிடம் இருக்கும், மொழிபெயர்ப்புக்கு யாரை அழைக்கலாம் என்பவற்றையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

குழந்தை வருவதற்கு முன்

முடிந்தால், பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே குழந்தையின் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், குழந்தை எங்கே தூங்கும், நாய் இருக்கிறதா, காலையில் எப்போது எழுவீர்கள் என்பவற்றை எளிய சொற்களில் எழுதி, வீட்டின் படங்களையும் உங்கள் முகங்களின் படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். போகும் இடம் கண்ணுக்குப் பழகியிருந்தால் குழந்தையின் அச்சம் பெரிதும் குறையும். பெற்றோரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால், ஒவ்வாமை, மருந்து, உணவுக் கட்டுப்பாடு, சமய வழக்கம் ஆகியவற்றைக் கேட்டுவிட்டு அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். இருட்டைக் கண்டு அஞ்சுமா, அழுதால் எப்படிச் சமாதானம் ஆகும், வீட்டில் எந்தப் பெயரால் கூப்பிடுவீர்கள், எதைச் செய்தால் கோபம் வரும் என்றும் கேளுங்கள். அந்தத் தாயோ தந்தையோ இவ்வளவு அக்கறையுடன் கேட்கும் ஒருவரிடம் தன் பிள்ளை போகிறது என்று அறிந்து அமைதி அடைவதும் அந்த உரையாடலின் பயன்தான்.

வீட்டைப் பொறுத்தவரை, மருந்துகளும் துப்புரவு இரசாயனங்களும் மதுவும் பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். துப்பாக்கி இருந்தால் அது குண்டுகள் நீக்கப்பட்டுத் தனியாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். அதுபற்றி அமைப்பிடம் முன்னரே தெரிவிக்கவும் வேண்டும். காரில் அந்த வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற இருக்கை தேவைப்படும்.

நீர் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கோடைத் தங்கலில் ஆறு, ஏரி, கடல், நீச்சல் குளம் ஆகியவை பெரும் இன்பம்; பெரும் ஆபத்தும் அவையே. நீந்தத் தெரியும் என்று குழந்தை சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். மற்றக் குழந்தைகள் முன்னிலையில் தெரியாது என்று சொல்ல எந்தக் குழந்தைக்கும் கூச்சம் இருக்கும். ஆழமற்ற இடத்தில் நீங்களே உடனிருந்து பார்த்து முடிவுசெய்யுங்கள். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, கையசைப்பதும் இல்லை. சத்தமின்றி ஒன்றிரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும். எனவே நீரருகே எப்போதும் பெயர் குறித்து ஒரு பெரியவர் பொறுப்பேற்க வேண்டும். அவர் கையில் செல்பேசியோ புத்தகமோ இருக்கக் கூடாது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைக்கும் இடத்தில் யாரும் பார்ப்பதில்லை.

உங்கள் சொந்தப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துவதும் முன்னரே நடக்க வேண்டும். எந்தப் பொம்மைகளைப் பகிர்ந்துகொள்ளலாம், எவற்றைத் தனியே எடுத்துவைக்கலாம் என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். அவர்களுக்கும் பொறாமை வரும் என்றும், அது தவறில்லை என்றும், வந்தால் உங்களிடம் சொல்லலாம் என்றும் கூறிவிடுங்கள். 'பாவம், அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை' என்ற பேச்சு வீட்டில் எழவே கூடாது; பிள்ளைகள் கேட்டதை வந்த குழந்தையிடம் அப்படியே ஒப்பித்துவிடுவார்கள்.

முதல் இரவும் அதற்கடுத்த நாள்களும்

நீண்ட பயணத்துக்குப் பின் வந்து இறங்கும் குழந்தைக்கு வரவேற்பு விழா தேவையில்லை. உறவினர்களும் அண்டை வீட்டாரும் முதல் நாள் வராமல் இருப்பது நல்லது. கழிப்பறை எங்கே, விளக்குப் பொத்தான் எங்கே, இரவில் எழுந்தால் யாரை, எந்த அறையில் எழுப்பலாம் என்பவற்றை நடந்து காட்டுங்கள். பசித்தால் கேட்காமலே எடுத்துக்கொள்ளக்கூடிய உணவு எது, அது எங்கே இருக்கிறது என்பதையும் காட்டுங்கள். பற்றாக்குறையில் வளர்ந்த குழந்தைகள் சிலர் உணவைத் தலையணைக்கடியில் ஒளித்துவைப்பது உண்டு; அதைத் திருட்டு என்று எண்ணிக் கண்டிக்காமல், எப்போதும் உணவு கிடைக்கும் என்பதை நாள்தோறும் மெய்ப்பித்துக் காட்டுவதே அதற்கு மருந்து.

வீட்டு ஏக்கம் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் வரும். ஓடியாடும் பகலில் மறைந்திருந்து, தூங்கப்போகும் நேரத்திலும் வேலையற்ற நேரத்திலும் தலைகாட்டும். அதை மறைக்க முயலாதீர்கள். அம்மாவின் நினைவு வருகிறதா என்று கேட்டால் அழுகை கூடிவிடும் என்று பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். உண்மையில், பெயர் சொல்லிப் பேசப்பட்ட ஏக்கம் தணியத் தொடங்குகிறது. 'பிடிக்காவிட்டால் உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்' என்ற வாக்குறுதியை மட்டும் தராதீர்கள். அது ஆறுதல்போலத் தோன்றினாலும், குழந்தையின் மனத்தை வாசற்படியிலேயே நிறுத்திவிடும். அதற்குப் பதிலாக, நாள்காட்டியில் திரும்பும் நாளைக் குறித்துவைத்து ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வரலாம். பெற்றோருடன் பேசுவதற்கு ஒரு குறிப்பிட்ட நேரத்தை முடிவுசெய்யலாம். அந்த அழைப்பைப் படுக்கப்போகும் முன்பு வைக்காமல் மாலையிலோ காலையிலோ வைத்தால், பேசியபின் வரும் அழுகையை விளையாட்டு துடைத்துவிடும். பெரும்பாலான குழந்தைகள் சில நாள்களில் இடத்துக்குப் பழகிவிடுவார்கள். உண்ணாமலும் உறங்காமலும் நாள்கள் கடந்தால் ஒருங்கிணைப்பாளரை அழைக்கத் தயங்காதீர்கள்.

படுக்கையில் சிறுநீர் கழிப்பது நடக்கும் என்று எதிர்பார்த்தே மெத்தைக்கு நீர் புகாத உறை போட்டுவையுங்கள். ஏழு வயதுக் குழந்தைகளில் 100க்கு 5 முதல் 10 பேருக்கு வழக்கமான வீட்டிலேயே இது உண்டு. புதிய இடத்தில் இன்னும் கூடும். மாற்று விரிப்பு எங்கே இருக்கிறது, நனைந்ததை எங்கே போடலாம் என்பதை முதல் மாலையே, எல்லோருக்கும் பொதுவான தகவலைப்போல, தனியாகச் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்லிவிட்டால் காலையில் யாரும் எதையும் பேச வேண்டியிராது. பேன் இருந்தாலும் அவ்வாறே: பேன் நோயைப் பரப்புவதில்லை, சீப்பாலும் பொறுமையாலும் தீர்க்கக்கூடியது, உங்கள் பிள்ளைகளின் காதில் விழாமல் செய்யப்பட வேண்டியது.

மொழி தெரியாத குழந்தை என்றால், 'பசிக்கிறது', 'வலிக்கிறது', 'பயமாக இருக்கிறது', 'கழிப்பறை', 'போதும்', 'வேண்டாம்' என்ற சொற்களை அதன் மொழியில் கற்றுக்கொள்ளுங்கள். இவற்றில் 'வேண்டாம்' என்பதே மிக முக்கியமானது. அந்தச் சொல் இந்த வீட்டில் மதிக்கப்படுகிறது என்று குழந்தை அறிந்துகொண்ட பிறகுதான் மற்ற எல்லாம் எளிதாகும்.

நாள்களை எப்படி நிரப்புவது என்பதில் பலர் தேவையற்ற கவலை கொள்கிறார்கள். ஒவ்வொரு நாளும் ஓர் ஊர்சுற்றல் வேண்டாம். ஒன்றாகச் சமைப்பது, தோட்டத்துக்கு நீர் ஊற்றுவது, மிதிவண்டி பழகுவது, நூலகத்துக்குப் போவது, அண்டை வீட்டுப் பிள்ளைகளுடன் பொழுது சாயும்வரை விளையாடுவது ஆகியவை நிறைந்த ஒரு சாதாரண வாரமே பெரும்பாலான குழந்தைகளுக்கு வேண்டியிருக்கிறது. வீட்டு விதிகள் சிலவாக இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளுக்கும் அவையே பொருந்தட்டும். அடிப்பது, உணவை நிறுத்துவது, வீட்டுக்குப் பேசவிடாமல் செய்வது, திருப்பி அனுப்புவதாக மிரட்டுவது ஆகியவற்றுக்கு எந்தச் சூழலிலும் இடமில்லை.

பாதுகாப்பு: தளர்த்தவே கூடாத சில

குழந்தை குளிக்கும்போதும் உடை மாற்றும்போதும் தனிமை வேண்டும். ஒரே படுக்கையில் பெரியவருடனோ உங்கள் பிள்ளையுடனோ தூங்கவைக்கக் கூடாது. அணைப்பதும் முத்தமிடுவதும் குழந்தையின் விருப்பத்தைப் பொறுத்தவை. உறவினர் ஒருவர் கட்டாயப்படுத்தினால் நீங்கள் குறுக்கே நின்று தடுக்க வேண்டும். பின்னணி சரிபார்க்கப்படாத யாரிடமும், அவர் உங்கள் உடன்பிறந்தவராகவே இருந்தாலும், குழந்தையை இரவில் விட்டுச்செல்லக் கூடாது. பெற்றோரும் அமைப்பும் ஒப்புக்கொள்ளாமல் குழந்தையின் படத்தைச் சமூக ஊடகங்களில் வெளியிடக் கூடாது. உதவி பெறும் குழந்தை என்ற அடையாளத்துடன் இணையத்தில் நிலைத்துவிடும் ஒரு படம், அந்தக் குழந்தை வளர்ந்து வேலை தேடும் வயதிலும் அதைப் பின்தொடரும்.

சில குழந்தைகள், பாதுகாப்பான இடம் கிடைத்தவுடன், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லத் தொடங்குவார்கள். அடிக்கப்பட்டதையோ பாலியல் துன்புறுத்தலையோ ஒரு குழந்தை உங்களிடம் சொன்னால், முகத்தில் அதிர்ச்சி காட்டாமல் கேளுங்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள். உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கும் என்று உண்மையைக் கூறுங்கள். துருவித் துருவிக் கேட்பதும், 'அவர் இப்படிச் செய்தாரா' என்று விடையை நீங்களே எடுத்துக்கொடுப்பதும், பின்னர் முறையான விசாரணையைக் கெடுத்துவிடும். நடந்தது உன் தவறல்ல, சொன்னது நல்லது என்ற இரண்டை மட்டும் சொல்லுங்கள். குழந்தை பயன்படுத்திய சொற்களையே, நாளும் நேரமும் குறித்து, எழுதிவைத்து, அன்றே ஒருங்கிணைப்பாளரிடம் தெரிவியுங்கள். உடனடி ஆபத்து இருந்தால் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளையோ காவல்துறையையோ நேரடியாக அழையுங்கள். நீங்களே பெற்றோரை அழைத்து விசாரிப்பது குழந்தையை மேலும் ஆபத்தில் தள்ளக்கூடும்.

குழந்தையின் சொந்த வீடு

இத்தகைய திட்டங்கள்மீது நெடுங்காலமாகச் சொல்லப்படும் குறை ஒன்று உண்டு: ஏழைக் குழந்தையின் வீட்டைக் குறைபாடுள்ள இடமாகவும், விருந்தோம்பும் வீட்டை மீட்பின் இடமாகவும் அவை காட்டுகின்றன என்பதே அது. இந்தக் குறை நியாயமானது என்றே நான் கருதுகிறேன். அதை நீக்குவது பெரும்பாலும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. குழந்தை தன் தெருவைப் பற்றியும் பாட்டியைப் பற்றியும் தன் மொழிப் பாட்டைப் பற்றியும் பேச இடம் கொடுங்கள். அது அறிந்த விளையாட்டை உங்கள் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும். உங்கள் சமயத்தைத் திணிக்காதீர்கள். வழிபாட்டுக்கு அழைத்துச் செல்வதானால் பெற்றோரின் ஒப்புதலையும் குழந்தையின் விருப்பத்தையும் கேளுங்கள். தலைமுடியை வெட்டுவது, காது குத்துவது போன்றவை பெற்றோரைக் கேட்காமல் செய்யக்கூடியவை அல்ல.

பரிசுகளில் அளவு வேண்டும். விலையுயர்ந்த கைப்பேசியையோ மூன்று பெட்டி உடைகளையோ கொடுத்தனுப்பினால், உடன்பிறந்தவர்களிடையே சண்டையும், பெற்றோரின் மனத்தில் சிறுமையுணர்வும்தான் மிஞ்சும். நல்ல காலணி, பள்ளிப் பை, வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து விளையாடக்கூடிய ஒன்று ஆகியவை போதும். வேறு உதவி செய்ய விரும்பினால், அமைப்பின் வழியாகப் பெற்றோரைக் கேட்டுச் செய்யுங்கள்.

பாசம் வரம்பு மீறும்போது என்ன நடக்கும் என்பதற்கு 2006ஆம் ஆண்டின் ஒரு நிகழ்வு சான்று. இத்தாலியில் ஒரு தம்பதியர், தங்களிடம் வந்திருந்த பெலாரஸ் காப்பகச் சிறுமியைத் திருப்பி அனுப்ப மறுத்து மறைத்துவைத்தார்கள். அந்தச் சிறுமி காப்பகத்தில் துன்புறுத்தப்பட்டாள் என்பது அவர்களுடைய வாதம். அது இரு நாடுகளுக்கிடையே தூதரகச் சிக்கலாக வளர்ந்தது. முடிவில் சிறுமி திருப்பி அனுப்பப்பட்டாள். 2008இல் இன்னொரு நாட்டுக்குச் சென்றிருந்த ஒரு பெலாரஸ் சிறுமி திரும்ப மறுத்தபோது, பெலாரஸ் அரசு இத்தகைய பயணங்களையே நிறுத்திவைத்து, நாடுகளிடையே எழுத்து உடன்பாடு வேண்டும் என்றது. அச்சம் மெய்யாக இருந்தால் அதைக் கொண்டுசெல்ல வேண்டிய இடம் குழந்தைப் பாதுகாப்பு அமைப்புகளும் நீதிமன்றமும்தான். மறைத்துவைப்பதால் அந்தக் குழந்தைக்கும் நன்மை விளையவில்லை, அடுத்த ஆண்டு வரவிருந்த மற்றக் குழந்தைகளின் வழியும் அடைபட்டது.

திரும்பும் நாள் நெருங்கும்போது

கடைசி மூன்று நான்கு நாள்களில் குழந்தை காரணமின்றிச் சண்டையிடலாம், உங்களிடமிருந்து விலகலாம், பொருள்களை உடைக்கலாம். பிரிவின் வலியைக் கோபமாக மாற்றிக்கொள்வது குழந்தைகளின் இயல்பு. அதை நன்றியின்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்டி கட்டுவதை முன்னதாகவே, குழந்தையையும் சேர்த்துக்கொண்டு தொடங்குங்கள். கொண்டுவந்த பொருள்கள் அனைத்தும் துவைத்துப் பெட்டிக்குள் போகட்டும். கிழிந்ததாயினும் வீட்டிலிருந்து வந்த சட்டையை எறிந்துவிடாதீர்கள். மருந்து, மருத்துவச் சீட்டுகள், பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றைத் தனி உறையில் இட்டு ஒருங்கிணைப்பாளரிடம் கொடுங்கள். பெற்றோருக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள்: பிள்ளை எதில் திறமை காட்டியது, யாருடன் நட்புக்கொண்டது, எதை விரும்பி உண்டது என்பவற்றைச் சொல்லி, அவர்களுடைய வளர்ப்பைப் பாராட்டுங்கள்.

அடுத்த ஆண்டும் அழைப்போம் என்று, உங்களுக்கே உறுதியில்லாதபோது, சொல்லாதீர்கள். பல அமைப்புகள் அதே குழந்தையை அதே குடும்பம் மீண்டும் அழைப்பதை ஊக்குவிக்கின்றன. ஆண்டுதோறும் தொடரும் உறவே இந்தப் பணியின் சிறந்த வடிவம் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த அழைப்பு அமைப்பின் வழியாக, பெற்றோரின் சம்மதத்துடன், நீங்கள் சில வாரம் ஓய்வெடுத்து யோசித்த பிறகு போகட்டும். அதற்குள் தங்கல் பற்றிய அறிக்கையை ஒருங்கிணைப்பாளருக்கு எழுதி அனுப்புங்கள். நடந்த சிறு விபத்து, கவலை தந்த நடத்தை, அமைப்பின் குறைபாடுகள் ஆகியவற்றை மறைக்காமல் எழுதினால்தான் வேறொரு குடும்பத்துக்கு அடுத்த கோடையில் செல்லும் குழந்தைக்கு அது பயன்படும்.